பட்டினி கிடந்தால் உடலின் அடுப்பு தணிவதேன்?

என்னுடன் பணிபுரியும் கணிதப் பேராசிரியை ஒருவருக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாக வேலை செய்கிறது. எடையைக் குறைக்க எண்ணி, இரவு எட்டு மணிக்குமேல் மறுநாள் நண்பகல்வரை எதுவும் உண்ணாமல் மூன்று மாதமாக இருந்து வந்தார். “பட்டினி கிடந்தும் எடை இறங்கவில்லையே, சார்? உங்கள் ஆற்றல் அழிவின்மை விதி என் உடம்புக்கு மட்டும் பொருந்தாதா?” என்று ஒருநாள் கேட்டார். வாசகர்களே, இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கலாம். விதி பொருந்தும். ஆனால் வரவைக் குறைத்தால் உடல் செலவையும் குறைத்துக்கொள்ளும். இதை மனிதன் கண்டறிந்த வரலாறு சுவையானது.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தினுள் வைத்தார்கள். பத்து மணி நேரத்தில் 13 அவுன்சு பனிக்கட்டி உருகியது. அவ்விலங்கு வெளிவிடும் கரியமில வாயுவின் அளவோடு இதை ஒப்பிட்டு, சுவாசம் என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதலே என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். உடலும் ஓர் அடுப்புதான். அதன் வெப்பத்தை அளக்கலாம் என்றாயிற்று.

அந்த அடுப்பைத் தூண்டுவது எது? 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு குன்றி, முகம் ஊதி, எப்போதும் குளிரால் வாடிய 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளுக்கும் தேவைப்பட்ட சாறு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளிலிருந்து வந்தது! 1895-இல் ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ்-லெவி, வெறும் வயிற்றோடு அசையாமல் படுத்திருக்கும் நோயாளிகள் உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார். தைராய்டு மிகுந்தவர்களுக்கு அது கூடுதலாகவும், குன்றியவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. குன்றியவர்களுக்குத் தைராய்டைக் கொடுத்தால் அளவு ஏறியது.

இக்கண்டுபிடிப்பு ஒரு தவறான ஆசையையும் கிளப்பிவிட்டது. சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கும் இளைப்பதற்காகத் தைராய்டு மாத்திரை தரலானார்கள். எடை குறைந்தது உண்மையே. ஆனால் கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். இதயமும் படபடத்தது.

இனிப் பட்டினிக்கு வருவோம். 1912-இல் லெவான்சின் என்ற மால்ட்டா நாட்டு வழக்கறிஞர் தாமே முன்வந்து பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். அங்கே பெனடிக்ட் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் 31 நாள் தண்ணீர் மட்டும் அருந்தி, இரவுதோறும் கலோரிமீட்டருக்குள்ளேயே உறங்கினார். (நாங்கள் மாணவருக்குக் காட்டும் செம்புக் குவளையை நினைத்துவிடாதீர்கள், கட்டிலே உள்ளே இருக்கும் பெட்டி அது.) அவர் எடை சுமார் 13 கிலோ குறைந்தது, உடல் வெளிவிட்ட வெப்பமும் கூடவே இறங்கியது. 1944-45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ், 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். எடை ஏறக்குறையக் கால் பங்கு குறைந்தது. ஓய்வில் எரியும் ஆற்றலோ ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்துவிட்டது! உடல் சிறுத்ததால் மட்டும் இவ்வளவு குறையாது.

அடுப்பைத் தணித்தது யார்? கெண்டல் 1914-இல் பிரித்தெடுத்த தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. 1952-இல் கிராஸ், பிட்-ரிவர்ஸ் என்னும் இருவர், மூன்றே அயோடின் கொண்ட டி-3 என்ற பொருளைக் கண்டார்கள். அதுவே வீரியம் மிக்கது. தைராக்சினின் வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் டி-3 கிடைக்கும். உள் வளையத்திலிருந்து கழற்றினாலோ கிடைப்பது ‘தலைகீழ் டி-3’ என்னும் செயலற்ற பொருள். 1975-இல் வஜெனாகிஸ், பிரேவர்மன் குழுவினர் முழுப்பட்டினி இருந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். டி-3 ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. தலைகீழ் டி-3 கூடியிருந்தது. சுரப்பியில் கோளாறு எதுவுமில்லை. பஞ்சகாலம் வந்துவிட்டதென்று உடல் சிக்கனம் பிடிக்கிறது, அவ்வளவே. மீண்டும் உண்டால் பழைய நிலை திரும்பும்.

இது பல நாள் பட்டினியின் கதை. பதினாறு மணி நேர இடைவெளியை அதற்குச் சமமாக வைத்து அஞ்ச வேண்டியதில்லை. அதில் மந்திரமும் இல்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணும் நேரத்தையும் சேர்த்துச் சுருக்கியவர்களுக்கும் உணவின் அளவை மட்டும் குறைத்தவர்களுக்கும் எடை இழப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தைராய்டு குன்றியதால் ஏறும் எடையும் பலர் நினைப்பதுபோல் மிகுதியன்று. பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ. அதிலும் உப்பும் நீருமே அதிகம். மாத்திரை சரியான அளவில் சேர்ந்துவிட்டால் அவர் அடுப்பும் மற்றவர் அடுப்புப் போன்றதே.

“மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்?” என்று அம்மையாரைக் கேட்டேன். காலையில் போட்டால் விரதம் முறிந்துவிடும் என்று நண்பகலுக்குத் தள்ளி, காப்பியோடு விழுங்கி வந்திருக்கிறார்! காப்பி அம்மருந்தைக் குடல் உறிஞ்சுவதைத் தடுக்கும். வெறும் தண்ணீரும் மாத்திரையும் எந்த உண்ணாநோன்பின் பயனையும் கெடுத்துவிடமாட்டா. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தபோது டி.எஸ்.எச். அளவு ஏறியிருந்தது. அளவை மாற்றாமல், விடியற்காலையில் தண்ணீரோடு போடச் சொல்லியிருக்கிறார். எட்டு வாரம் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். இது மூன்றாவது வாரம்.