இரண்டு கதவுள்ள பெட்டி

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அந்தப் பெட்டிக்கு இரண்டு கதவுகள். ஒன்று விண்டோஸ், மற்றொன்று, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். முதலாவது பழகிய முகம். இரண்டாவது, அறிமுகமில்லாத விருந்தாளி!

ஒக்கூர்ப் பிள்ளை ஒருவன் உள்ளங்கையளவு போர்டுக்கு நிரல் எழுத ஆசைப்பட்டால், எந்தக் கதவைத் திறப்பது?

சின்ன போர்டில் சமைக்க இடம் ஏது? கணினியில் சமைத்து, போர்டுக்குப் பரிமாற வேண்டும். அதற்கான அடுப்பு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜி.சி.சி. என்னும் தொகுப்பி. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆக்கியதும் அதே அடுப்பில்தான். 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ சில்லில் ஓடியதும் லினக்ஸே. விண்டோஸ்காரர்களே 2016-இல் தங்கள் வீட்டுக்குள் லினக்ஸுக்கு ஓர் அறை ஒதுக்கிவிட்டார்கள்!

சில நிறுவனங்களின் கருவிகள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்தக் கதவை அடைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே சமையலைச் சாப்பிடலாம்; அடுப்பைப் பிரித்துப் பார்க்க முடியாது. லினக்ஸில் பார்க்கலாம், திருத்தலாம், காசும் கேட்கமாட்டார்கள். கைத்தொழில் கற்கும் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? கதவை அரசாங்கம் கொடுத்துவிட்டது. தட்டிப் பார் என்று சொல்ல, ஊருக்கு ஓர் ஆசிரியர்தான் வேண்டும்.