மாமையும் வெண்மையும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் அமைந்துள்ளது. அவ்வட்டாரத்தில் உழைத்து வாழ்ந்த இந்தியத் தொழிலாளர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய கோயில் அது. காளி என்னும் பெயரே கருமையைக் குறிப்பது. கருநிற அன்னையை வணங்கி வெளிவரும் அன்பர்கள் அதே சாலையில் சிறிது தொலைவு நடப்பின், மேனியை வெளுக்கச் செய்வதாக உறுதி கூறும் முகப்பூச்சுகளை அடுக்கி வைத்துள்ள கடைகளைக் காணலாம். வீடு திரும்பியபின் தம் மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு எழுமாயின், 'பெண் நல்ல சிவப்பா?' என்பதே பலர் வாயில் முதலில் வரும் கேள்வி.

தெய்வத்தினிடத்தில் போற்றப்படும் நிறம் பெண்ணினிடத்தில் குறையாக எண்ணப்படுவது ஏன்? இம்முரண் தமிழரோடு பிறந்ததா, இடையில் வந்து சேர்ந்ததா? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுவோர் இலக்கியத்தையும் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

பழந்தமிழர் கண்ட அழகு

சங்கப் பாடல்களில் தலைவியின் மேனி நிறத்தைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது 'மாமை'. மாந்தளிரின் நிறத்தை ஒத்த, செம்மை கலந்த கருமையே மாமை. 'மாமைக் கவின்' என்னும் தொடர் பாடல்தோறும் பயின்று வருகின்றது. 'மாயோள்' என்னும் சொல்லும் கருநிறப் பெண்ணை, அழகியைக் குறிக்க வழங்கிற்று. காதலன் பிரிந்தபோது தலைவி இழப்பது இம்மாமையையே. அவள் மேனியில் வந்து படர்வது பசலை. பசலையாவது நிறம் வெளிறுதல். குறுந்தொகையின் 27-ஆம் பாடலில் வெள்ளிவீதியார், தலைவனுக்கும் பயன்படாது தனக்கும் உதவாது தன் மாமையழகைப் பசலை உண்பதை எண்ணித் தலைவி வருந்துவதாகப் பாடியுள்ளார். திருக்குறளின் 119-ஆம் அதிகாரமாகிய 'பசப்புறு பருவரல்' முழுவதும் அவ்வெளிறலைப் பற்றியதே. எனவே, கருமை கலந்த நிறம் நலத்தின் அடையாளமாகவும் வெளிறுதல் நோயின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டன என்பது தெளிவு.

இக்கருத்து ஏட்டளவில் நின்றதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல்வழியாகத் தாயகம் திரும்பிய வெனிசு நகரத்துப் பயணி மார்கோ போலோ, சுமத்திராத் தீவில் ஐந்து திங்கள் தங்கியபின் பாண்டிய நாட்டுக் கரையை அடைந்தார். அந்நாட்டில் மிகக் கறுத்தோரே மிகுதியும் மதிக்கப்பட்டனர் என்றும், பெற்றோர் தம் குழந்தைகளுக்கு வாரந்தோறும் நல்லெண்ணெய் பூசி நிறத்தை மேலும் கறுக்கச் செய்தனர் என்றும், தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டினர் என்றும் அவர் குறித்துள்ளார். அயலார் கூற்றில் மிகை கலந்திருத்தல் கூடும். எனினும், வெண்ணிறத்தை நாடிய ஒரு சமுதாயத்தைக் கண்டவர் இங்ஙனம் எழுதியிருக்க இயலாது.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பொன்மேனியைப் புகழும் பாடல்கள் தமிழிலும் உண்டு. கம்பனின் இராமன் கரியவன், சீதையோ பொன்னிறத்தாள். வெயிலில் உழுதவனுக்கும் நிழலில் இருந்தவனுக்கும் இடையே நிற வேறுபாடு காணப்பட்டது. அவ்வேறுபாடு சாதி வேற்றுமையோடு பிணைக்கவும் பட்டது. 'வருணம்' என்னும் வடசொல்லுக்கே நிறம் என்பது பொருள். ஆகவே, ஐரோப்பியர் வருமுன் தமிழகத்தில் நிற வேற்றுமை அறவே இல்லை எனல் பொருந்தாது. ஆயினும் அன்று அழகுக்குப் பல நிறங்கள் இருந்தன. கருமைக்கும் அவற்றுள் உயர்ந்த இடம் இருந்தது. அப்பன்மையை அழித்து, எல்லா நிறங்களையும் ஒரே ஏணியில் நிறுத்தி, அதன் உச்சியில் வெண்மையை வைத்ததே பின்னர் வந்த காலனி ஆட்சியின் செயல்.

நகரைப் பிரித்த நிறம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் சென்னையில் இடம் பெற்றுக் கோட்டை எழுப்பினர். கோட்டையை ஒட்டி ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி 'வெள்ளையர் நகரம்' என்றும், தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த பகுதி 'கறுப்பர் நகரம்' என்றும் பெயர் பெற்றன. இந்நாட்டவர் தம் சொந்த மண்ணில் தோலின் நிறத்தால் பெயரிடப்பட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் என்னும் பெயர் வரும்வரை கறுப்பர் நகரம் என்னும் பெயர் நீடித்தது.

நகரைப் பிரித்தபின் உடலை அளக்கத் தலைப்பட்டனர். சென்னை அரும்பொருளகத்தின் தலைவராக 1885 முதல் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து பதிந்தார். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் கே. ரங்காச்சாரியின் துணையுடன் இயற்றிய நூல் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. 1901-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, ஒரு சாதியின் சமுதாய நிலையை அதன் மக்களது மூக்கின் அகலமே காட்டும் என்று எழுதினார். முன்னரே ஊரில் நிலவிய உயர்வு தாழ்வுக்கு இவ்வாறு அறிவியலின் முத்திரை கிடைத்தது. அந்த அறிவியல் பின்னர்ப் பொய்யெனத் தள்ளப்பட்டது. அது விதைத்த நாணமோ மக்கள் உள்ளத்தினின்று எளிதில் நீங்கவில்லை.

சிங்கப்பூரில் நிற ஏணி

1819-இல் ராஃபிள்சு சிங்கப்பூரில் கால்வைத்தார். அவ்வாண்டே பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை நடத்திப் பொருளீட்டினார். மாரியம்மன் கோயிலுக்கும் அடிகோலினார். 1822-இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டம் ஐரோப்பியர்க்கும் சீனர்க்கும் சூலியர்க்கும் அராபியர்க்கும் வேறு வேறு இடங்களை ஒதுக்கிற்று. சென்னையில் இரண்டாகப் பிரிந்த நகரம் இங்குப் பலவாகப் பிரிந்தது.

1823 முதல் 1826 வரை சிங்கப்பூரின் ரெசிடெண்டாக ஆட்சி நடத்தியவர் ஜான் கிராஃபர்ட். தாயகம் திரும்பிய இவர் 1860-களில் இலண்டன் இனவியற் கழகத்தின் தலைவராக விளங்கினார். மாந்த இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்பதும், அவற்றுள் ஐரோப்பிய இனமே உயர்ந்தது என்பதும் இவர் கொள்கை. லிட்டில் இந்தியாவுக்கு அப்பால் சிறிது தொலைவில் இவர் பெயர் தாங்கிய தெரு உள்ளது. லிட்டில் இந்தியாவுக்குள்ளேயே கிளைவ் பெயரிலும் ஹேஸ்டிங்சு பெயரிலும் தெருக்கள் உள்ளன. மல்லிகைச் சரம் தொடுக்கும் கைகள் நாள்தோறும் இயங்கும் வட்டாரத்தின் தெருப்பலகைகளில் இந்தியாவை அடக்கி ஆண்டோரின் பெயர்கள் இன்றும் நிற்கின்றன.

1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பு இந்நகரைக் கட்டியது. 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயம் அவர்தம் கைவண்ணமே. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைத் தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசி, பளிங்குபோல் மின்னும்வரை தேய்க்கும் சென்னைச் சாந்து முறையை அவர்கள் அங்குக் கையாண்டனர். நகரின் வெண்மைமிக்க சுவரை மெருகேற்றியவை கறுத்த கைகள். அக்கைகளுக்கு உரியவர்களைக் குறித்த 'கிளிங்' என்னும் சொல்லோ, கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுவது. தொடக்கத்தில் இழிவின்றி வழங்கிய அது நாளடைவில் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது.

நிறத்தின் பெயரால் வாயில்களும் அடைக்கப்பட்டன. 1865-இல் தோன்றிய டாங்ளின் மன்றம் ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஆசியர் அதில் உறுப்பினராயினர். 1904-இல் மலாயாவின் உயர் ஆட்சிப் பணிக்குத் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் தூய ஐரோப்பிய மரபினராயிருத்தல் வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. எவ்வளவு கற்றாலும் தோலின் நிறத்தைத் தாண்டி ஏறவியலாது என்று சட்டமே கூறியபின், அந்நிறம் மதிப்பின் அளவுகோலாயிற்று. ஆள்பவர் நிறம் விரும்பத்தக்க நிறமாயிற்று. பெண்ணின் அழகைப் புகழ விரும்பியோர் 'துரைசானி போல் இருக்கிறாள்' என்று கூறலாயினர். மாந்தளிரை உவமை சொன்ன மொழியில் அதிகாரியின் மனைவி உவமையானாள்.

இவ்வேணியின் சுமை ஆணைவிடப் பெண்மீதே மிகுதியாக ஏறியது. ஆண்மகனின் கருமையை அவன் சம்பளம் மறைக்கும். பெண்ணின் கருமைக்கோ கூடுதல் நகையும் வரதட்சணையும் ஈடாகக் கேட்கப்பட்டன. கறுத்த மகளைப் பெற்ற தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் தம் வியர்வையால் அந்த ஈட்டைச் செலுத்தினர். வெயிலில் உழைத்துக் கறுத்த தந்தை, தன் நிறம் மகளுக்கு வந்ததற்காகக் கடன்பட்டான்.

பிரேசில் காட்டும் ஒப்புமை

இந்நிலை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளுள் ஏறத்தாழ 48 இலட்சம் பேர் பிரேசில் நாட்டில் இறக்கப்பட்டனர். அங்கு 1888-இல் அடிமை முறை ஒழிந்தது; நிற ஏணி ஒழியவில்லை. ஐரோப்பியக் குடியேறிகளைக் கொணர்ந்து கலப்பின் வாயிலாக நாட்டையே வெளுக்கச் செய்யலாம் என்று ஆள்வோர் நம்பினர். 1911-இல் இலண்டனில் கூடிய அனைத்துலக இனங்கள் மாநாட்டில், ஒரு நூற்றாண்டுக்குள் தம் நாட்டில் கறுப்பர் மறைந்துவிடுவர் என்று பிரேசில் அறிஞர் லசெர்தா கூறினார். வேலை விளம்பரங்களில் 'நல்ல தோற்றம் வேண்டும்' என்று எழுதினால், கறுப்பர் வரவேண்டா என்பதே அதன் பொருளாயிருந்தது. 1976-இல் நடந்த ஓர் அரசுக் கணிப்பில் தம் நிறத்தைக் கூறுமாறு கேட்டபோது மக்கள் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைத் தந்தனர். கறுப்பு என்னும் ஒரு சொல்லைத் தவிர்க்கப் பிறந்த சொற்கள் அவற்றுட் பல. மணப்பேச்சில் தமிழர் கையாளும் 'சிவப்பு', 'மாநிறம்', 'புதுநிறம்' என்னும் சொற்களின் நுண்மையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. 1974-இல் பிரேசிலின் சால்வடோர் நகரத்துக் கறுப்பின மக்கள் 'இலே ஐயே' என்னும் குழுவை நிறுவினர். திருவிழா ஊர்வலத்தில் ஆப்பிரிக்க ஆடையணிந்து சென்றதோடு, கறுப்பழகுக்கென ஆண்டுதோறும் ஒரு விழா இரவையும் ஏற்படுத்தினர். பின்னிய சுருள்முடியும் கரிய மேனியும் அங்கு அரசியின் சிறப்புப் பெற்றன. அழகின் அளவுகோலையே அம்மக்கள் மாற்ற முனைந்தனர்.

விடுதலைக்குப் பின்னும்

தமிழர் வரலாற்றிலும் ஏணி ஆட்டங்கண்ட காலம் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது வெள்ளையர் வெல்லப்படாதவர் என்னும் எண்ணம் தகர்ந்தது. 1943 அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் சீருடை அணிந்து துப்பாக்கி ஏந்தினர். அங்கு அவர்களை அளந்தது உறுதியே, நிறமன்று. சீர்திருத்த இயக்கமும் தன் பங்கை ஆற்றியது. 1929-இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார், 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935-இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். சாதியும் சடங்கும் கேள்விக்குள்ளாயின. ஆயினும் திராவிடர் கழகக் கொடியில் கறுப்பு இழிநிலையின் குறியாகவே அமைந்தது. அது போராட்டத்தின் நிறமாயிற்று, அழகின் நிறமாகவில்லை.

அரசியல் விடுதலைக்குப் பின் ஆள்பவர் சென்றனர், அளவுகோல் தங்கியது. அதனை வாணிகம் கையேற்றது. 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, வேலையும் மணவாழ்வும் வெளுத்த முகத்துக்கே வரும் என்று பல்லாண்டுகள் விளம்பரம் செய்தது. கறுத்த நாயகனைக் கொண்டாடிய தமிழ்த் திரை, கறுத்த நாயகியை அரிதாகவே ஏற்றது. 2019-இல் சிங்கப்பூரில் வெளியான ஒரு விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கி இந்தியராகத் தோன்றினார். கண்டனம் எழவே விளம்பரம் மீட்கப்பட்டது, மன்னிப்பும் கோரப்பட்டது. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதையொட்டி உலகெங்கும் எழுந்த கிளர்ச்சியின்போது மேற்கூறிய களிம்பும் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. புறத்தார் இழித்தபோது சினம் கொள்ளும் சமுதாயம், தன் வீட்டுக் கூடத்தில் 'பிள்ளை கறுத்துப் போனாளே' என்று கூறுவதை இழிவென எண்ணுவதில்லை.

ஆசிரியர் கையில் உள்ளது

வகுப்பறையில் கறுத்த மாணவி ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். பள்ளியில் தோழியர் கேலியையும் வீட்டில் பாட்டியின் பெருமூச்சையும் கேட்டு வளர்ந்தவள். ஆசிரியர் குறுந்தொகைப் பாடலை நடத்துகிறார். 'மாமை' என்னும் சொல் வருகிறது. 'மாமை என்றால் அழகு' என்று கரும்பலகையில் எழுதி அவர் மேற்செல்வாராயின், பாடம் பிழையாகாது; ஆனால் அம்மாணவிக்கு உரிய செய்தி அவளைச் சேராது போகும். 'மாந்தளிர் போன்ற கருமை. அதுவே அழகு' என்று எழுதுவாராயின், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் நிறத்தை இழக்க அஞ்சி அழுத ஒருத்தியை அவள் அறிவாள். நிறம் வெளிறுவதை நோயென்று கண்ட மொழி தன் தாய்மொழி என்பதையும் அறிவாள்.

நிற ஏணியை அமைத்தது வரலாறு; இயற்கையன்று. வந்த வழி தெரிந்த ஒன்றை வெளியேற்றும் வழியும் தெரிதல் கூடும். அதற்குரிய சொல் தமிழில் முன்னரே உள்ளது. அதன் முழுப்பொருளையும் உரைத்தல் தமிழாசிரியர் கடன்.