கலஹா வீதியில் ஒரு பிடி மண்

பேராதனைப் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துத் தோட்டங்களை நோக்கி ஏறுகிறது கலஹா வீதி. ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் ஹந்தானை. 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து இங்கே குடிவந்த காலத்து மாணவர் மண்டபங்களுக்கு அருணாசலம், இராமநாதன் என்றெல்லாம் பெயர். இன்று இந்தச் சரிவில் புதிதாக ஒரு விடுதி எழ வேண்டுமானால், மாணவருக்கு முன்னால் மண் பயணம் கிளம்பவேண்டும்.

முதற்கேள்வி, இந்த மண் இங்கேயே பாறை உக்கி உண்டானதா, மேலிருந்து சரிந்து வந்து தங்கியதா என்பது. சரிந்து வந்தது இன்னொருமுறையும் சரியலாம்.

அதை அறிய நிலத்தில் துளையிட்டு, துளைக்குள் குழாயை இறக்கி, 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிடுவார்கள். குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கவேண்டும். கடைசி 30 சென்டிமீட்டருக்குச் சம்மட்டி எத்தனை தடவை விழுந்தது என்பதே கணக்கு. குழாயை நெடுக்காகப் பிரித்தால் செம்பழுப்பு மண், நடுவே மினுங்கும் மைக்கா. பழைய பாறையின் வரிகள்கூட அப்படியே தெரியும். விரலால் தொட்டால் பொடிந்துவிடும்.

ஈரம் போகாமல் பொதிசெய்து, துளை இலக்கமும் ஆழமும் எழுதி, ஆய்வுகூடத்துக்கு. அங்கே நிறுத்து, அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுப்பார்கள். குறைந்த எடை தண்ணீர். கலையாமல் எடுத்த மாதிரியோ இறப்பர் உறைக்குள் நீரூறி, நாலாபுறமும் நெரிபடும். ஈரக் களிமண் எந்த நெருக்கத்தில் இளகிக்கொடுக்கும் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ரோஸ்கோ, ஷோஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து 1963இல் கட்டுரை எழுதியவர், பேராதனையில் பொறியியல் கற்பித்த அழகையா துரைராஜா. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். உலகெங்கும் மண்பொறியியலார் படிக்கும் கட்டுரை அது.

மாசி வெயிலில் அலவாங்குக்கும் மசியாத மண், ஐப்பசி மழையில் வேறு ஆள். துகள்களுக்கிடையே ஏறும் நீரழுத்தம் அவற்றின் பிடியைத் தளர்த்திவிடும். ஆகவே துளையில் வேறொரு குழாயை விட்டுவைத்து, மழைக்காலம் முழுக்க நீர்மட்டம் பார்ப்பதே புத்தி. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். கடைசியில் அந்தப் பிடி மண் அத்திவார ஆழமாக, நீர் கசியத் துவாரம் விட்ட தாங்குசுவராக, வடிகானாக மாறுகிறது.

மேலே தோட்டங்களில் தொழிலாளர் லயன்கள் எழுந்த காலத்தில் யாரும் துளைபோட்டுப் பார்க்கவில்லை. வேறொரு தோட்டமான கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்தென்று முன்பே எச்சரித்திருந்தார்கள். லயத்துப் பிள்ளைகளும் பேராதனைக்குப் படிக்க வருகிறார்கள். விடுதி அறையின் அடிமண்ணுக்கு அறிக்கை இருக்கும். அம்மா அப்பா தூங்கும் லயன் காம்பராவின் அடிமண்ணை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?