கடுகண்ணாவைக் கணவாயும் போர்ப்படத்துக் காய்களும்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் பெருந்தெரு மலைநாட்டினுள் ஏறும் இடம் கடுகண்ணாவை. அதனை அடுத்துள்ள பலனைக் குன்றிலே கண்டியரசின் காவலரண் இருந்தது. பலனை என்னும் பெயர் 'பார்த்தல்' என்று பொருள்படும் சிங்களச் சொல்லின் அடியாக வந்தது; தாழ்நிலத்திலிருந்து ஏறிவரும் படையை அங்கிருந்து காணலாம். 1594 முதல் 1815 வரையுள்ள காலத்திலே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் கண்டிமீது படையெடுத்தனர். இப்படையெடுப்புகளைத் தேசப்படத்தில் வரைந்து காட்டுவோர் படைகளை நீள்சதுரங்களாகவும் அம்புகளாகவும் குறிப்பது வழக்கம். போர் விளையாட்டுகளின் பலகைகளிலும் அதுவே வழக்கம். இக்குறிகள் எங்கிருந்து வந்தன, கண்டிப் போரின் இயல்பைக் காட்ட அவை போதுமானவையா என்பன ஆராயத்தக்கவை.

படையைக் காயாக்கும் முயற்சி நமக்குப் புதியதன்று. சதுரங்கம் என்னும் பெயரே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகை உறுப்புகளைக் குறிப்பது. அங்கே காயின் வடிவம் படையின் வகையைச் சொல்லும். எத்தனை பேர் என்பதைச் சொல்லாது. 1780இல் பிரவுன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர் சதுரங்கத்தை விரித்து, நிலத்தின் தன்மைக்கேற்ப நிறந்தீட்டிய கட்டங்களைக் கொண்ட போர் விளையாட்டொன்றை அமைத்தார். ஆயினும் பெருமாற்றம் பிரசியாவிலேயே நிகழ்ந்தது. ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் கட்டங்களை அறவே நீக்கினர். மகன் 1824இல் வெளியிட்ட விதிகளின்படி விளையாட்டு 1:8000 அளவுத்திட்டத்தில் வரைந்த உண்மையான நிலப்படத்தின் மீது நடைபெற்றது. சிவப்பு, நீலம் ஆகிய நிறங்கள் இரு தரப்பையும் காட்டின. உலோகக் காய் ஒவ்வொன்றும், போருக்கு அணிவகுத்து நிற்கும் ஒரு படைப்பிரிவு நிலத்தில் எவ்வளவு அகலம் கொள்ளுமோ அதே அளவுத்திட்டத்தில் வெட்டப்பட்டிருந்தது. காய் அடையாளமாக மட்டும் நில்லாமல் அளவாகவும் ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் விளையாட்டுகள் இம்மரபைச் சுருக்கின. அமெரிக்கரான சார்ள்ஸ் ரொபர்ட்ஸ் 1954இல் வெளியிட்ட விளையாட்டிலும் அதன் வழிவந்தவற்றிலும் காய் சிறு அட்டைத்துண்டாயிற்று. இராணுவப் படங்களில் வழங்கும் குறிகள் அதில் அச்சாயின: பெட்டியுள் இரு குறுக்குக் கோடுகள் காலாட்படை, ஒரு கோடு குதிரைப்படை. அக்கோடுகள் வீரர் மார்பில் அணிந்த தோல்வார்களின் நினைவென்பர். பெட்டியின் கீழே வலிமைக்கு ஓர் எண், நகர்வுக்கு ஓர் எண். பின்னர் கணினித் திரையிலே ஒரு சேனை முழுவதற்கும் ஒற்றை வீரனின் உருவம் நின்றது. இவை யாவும் மூன்றை நிலையானவையாகக் கொள்கின்றன: படைக்கு ஒரு வடிவம் உண்டு, ஒரு நிறம் உண்டு, ஓர் எண் உண்டு.

கடுகண்ணாவை மலையில் முதலில் சிதைவது வடிவம். தெரு அமைக்கப்படுவதற்கு முன் அங்கிருந்தவை காட்டினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளே. சமவெளியில் அகலமாக நிற்கும் படைப்பிரிவு இங்கே ஒருவர் பின் ஒருவராக நீண்டு, முன்னணிக்கும் பின்னணிக்கும் தொடர்பறுந்த கயிறாகிவிடும். அதன் இடையிடையே பீரங்கி இழுப்போரும் அரிசி சுமக்கும் கூலியாட்களும் செல்வர். சுமைகாரர் ஓடிவிட்டால் படை நின்றுவிடும். ஆயினும் அவர்களுக்கென்று காய் வெட்டியவர் அரியர்.

எதிர்த்தரப்பின் நிலை இதனினும் விந்தையானது. கண்டியரசின் படைவீரருள் மிகப் பெரும்பாலோர் நிலமானியத்துக்கு ஈடாக இராசகாரியம் செய்த குடியானவர். சில நாட்களுக்குரிய உணவைத் தாமே சுமந்து வந்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்புவர். அவரிடத்தை வேறொருவர் நிரப்புவர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், வழிகளை அடைத்த முட்கதவுகளையும் காவல்களையும் தம் நூலில் விவரிக்கின்றார். மரம் வெட்டிப் பாதையை மறித்தல், பின்னணியைத் தாக்கி மறைதல் ஆகியனவே அவர்தம் போர்முறை. இன்று பாறைமறைவிலும் நாளை வயலிலும் நிற்பவனை எந்தப் பெட்டிக்குள் வரைவது? அணிவகுத்து நில்லாமையால் கண்டியரை ஒழுங்கற்ற கூட்டமென்று கருதுவோர், காயின் குறைபாட்டைப் படையின் குறைபாடாகக் கொள்கின்றனர்.

நிறமும் நிலைப்பதில்லை. 1594இல் பேரோ லோப்பெஸ் த சூசா பலனை வழியாகக் கண்டியுட் புகுந்தபோது அவரது சேனையின் பெரும்பகுதி லஸ்கரின்கள் எனப்பட்ட உள்நாட்டு வீரரே. அவர்தம் தலைவனாகிய ஜயவீர பண்டாரனை ஐயுற்றுப் போர்த்துக்கேயர் கொன்றதும் லஸ்கரின்கள் விலகினர். எஞ்சிய படை தந்துறையில் அழிந்தது. 1603இல் அசவேதுவும் லஸ்கரின்கள் கைவிட்டமையாலேயே பலனையிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. 1630இல் ஊவாவிலுள்ள ரந்தெனிவலையில் கொன்ஸ்தந்தீனு த சாவுக்கும் இதுவே நேர்ந்தது. முப்பத்தாறு ஆண்டுகளில் மும்முறை, போரின் நடுவே காய்கள் நிறம் மாறின. ஆங்கிலேயர் காலத்தில் மலாய வீரர் இரு தரப்பிலும் நின்று போரிட்டனர். இவற்றை நம்பிக்கைத் துரோகம் என்று ஒரு சொல்லில் அடக்குவது எளிது. எவருடைய நிலத்துக்காக எவர் போரிட்டார் என்று கேட்டால் அச்சொல் தடுமாறும்.

மூன்றாவது, எண். 1803 பெப்ரவரியில் மக்டவலின் படை கொழும்பிலிருந்து கலகெதர வழியாகவும் பார்பட்டின் படை திருகோணமலையிலிருந்தும் வந்து கண்டியில் சந்தித்தன. வரைபடத்தில் நோக்கினால் குறையற்ற வெற்றி. நகரமோ வெறுமையாய்க் கிடந்தது. அரசனும் மக்களும் அகன்றிருந்தனர். ஏப்ரலில் மக்டவல் திரும்பியபோது ஏறத்தாழ 300 ஐரோப்பியரும் 700 மலாயரும் காவலுக்கு விடப்பட்டனர். பின் வந்த வாரங்களில் காய்ச்சல் அவர்களை வீழ்த்தியது. யூன் மாத இறுதியில் மேஜர் டேவி சரணடைந்தபோது ஐரோப்பியருள் நிற்கக்கூடியவர் சிலரே. ரைஸ்விட்ஸ் விளையாட்டில் இழப்பு நேருந்தோறும் காயை மாற்றும் முறை இருந்தது; இன்றைய அட்டைக்காயும் புரட்டி வைத்தால் குறைந்த வலிமையைக் காட்டும். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை எதிரியின் சூட்டினால் மட்டுமே குறைவன. ஒரு தோட்டாவும் பாயாமல் படுக்கையிற் கரையும் படைக்கு அங்கே விதியில்லை.

1804இல் ஆளுநர் நோர்த்தின் திட்டப்படி ஆறு அணிகள் பல திசைகளிலிருந்து கண்டியிற் கூடவேண்டியிருந்தன. திட்டம் கைவிடப்பட்டது, மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட கப்டன் ஜோன்ஸ்டனுக்கு அது தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. ஏறத்தாழ முந்நூறு பேருடன் அவர் தனியே கண்டியை அடைந்து, எவரையும் காணாது, போரிட்டுக்கொண்டே திருகோணமலைக்கு மீண்டார். தேசப்படத்தின் முன் நிற்பவருக்கு ஆறு காய்களும் தெரியும். காட்டினுள் நிற்பவருக்குத் தம் காய்கூட முழுமையாகத் தெரியாது. பிரசிய விளையாட்டில் நடுவர் ஒருவர் இருந்து, எதிரியின் கண்ணுக்குப் புலப்படும் காய்களை மட்டுமே படத்தில் வைத்தமை இதனை உணர்ந்தமையாலேயே.

இப்போருக்குப் பொருத்தமான பலகை நம் திண்ணைகளில் இருந்திருக்கின்றது. ஆடுபுலி ஆட்டத்திலே புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாண்டி வெட்டும், ஆடு வெட்டாது. ஆட்டின் வெற்றி புலியைக் கொல்வதன்று, நகரவிடாமல் அடைப்பது. இரு தரப்பும் ஒரே வகையான வலிமை உடையன அல்ல என்பதைச் சதுரங்கமும் பிரசியக் காய்களும் சொல்லாத அளவுக்கு இவ்விளையாட்டு தெளிவாகச் சொல்கின்றது. 1803இல் வெறுங்கண்டியுள் இருந்த காவற்படை அடைபட்ட புலியன்றி வேறென்ன?

1815இல் எட்டு அணிகள் மலைநாட்டினுள் நுழைந்தபோது கணவாய்கள் பெரும் எதிர்ப்பின்றி வீழ்ந்தன. அதற்குக் காரணம் காய்களின் எண்ணிக்கையன்று. எகலப்பொலவும் மொல்லிகொடவும் அரசனை விட்டு நீங்கியமையே முதன்மைக் காரணம். மீண்டும் நிறமே மாறியது. ஆனால் 1817-18 எழுச்சியில் கண்டியர் பழைய முறைக்கே திரும்பினர். தாக்குவதற்கு அணி கிடையாமையால் ஆங்கிலேயர் ஊர்களையும் நெல்லையும் கால்நடையையும் அழித்தனர். வீரன் எங்கிருந்து வருகின்றானோ அந்த வயலே குறியாயிற்று. எந்தப் போர்ப்படத்திலும் அதற்குச் சின்னமில்லை.

அதன் பின்னர், ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையிலே கொழும்பு–கண்டித் தெரு கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து மேலேறியது. டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பிய வெண்கோபுரம் தெருவோரத்தில் நிற்கின்றது. வணிகத்துக்கும் பெருந்தோட்டத்துக்கும் அத்தெரு பின்னர் உதவிற்று. போடப்பட்டபோதோ படை நகர்வே அதன் முதல் நோக்கம். அன்றுமுதல் ஒரு படைப்பிரிவு பீரங்கியுடனும் வண்டிகளுடனும் வரிசை கலையாமல் பலனையின் அடிவாரத்தைக் கடக்கலாயிற்று. மேசைமீது நகரும் காயைப் போல.