வெற்றிலைக்குள் மறையும் புகையிலை: பெண்கள் கைவிடுவதும் கைவிடாததும்

புகையிலையைக் கைவிடுதல் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் சிகரெட்டையும் பீடியையும் சுற்றியே நடக்கிறது. பெண்களைப் பொறுத்தவரை இந்தத் தொடக்கமே கோணலானது. 2016-17இல் எடுக்கப்பட்ட உலக வயது வந்தோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 14.2 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். புகைப்போர் 2 விழுக்காடுதான். மெல்லுவோர், அடக்குவோர், பல்லில் தேய்ப்போர், பொடி போடுவோர் எல்லாரும் சேர்ந்து 12.8 விழுக்காடு. தமிழ்நாட்டில், அதிலும் நடுவயது தாண்டிய உழைக்கும் பெண்களிடம், பழகிய வடிவம் வெற்றிலையோடு போடும் புகையிலை. கைவிட உதவும் சேவைகள் புகைக்கும் ஆணை மனத்தில் வைத்து உருவானவை. அதனால் இப்பெண்கள் அவற்றின் கணக்கிலேயே வருவதில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2009-10இல் 20.3 விழுக்காடாக இருந்த பெண்களின் பயன்பாடு ஏழாண்டில் இவ்வளவு குறைந்திருக்கிறதே என்று கேட்கலாம். ஆண்களிடம் 47.9இலிருந்து 42.4 வரைதான் இறங்கியது. ஆனால் இவை ஒரே பெண்களைத் தொடர்ந்து கவனித்துப் பெற்ற எண்கள் அல்ல. இளம்பெண்கள் தொடங்காமல் இருப்பதும், பழகிய மூத்த தலைமுறை மறைவதும் இதே எண்ணைத் தரும். ஐம்பது வயதுக்காரி விட்டாளா என்பதற்கு இதில் பதில் இல்லை.

விடாதவள் ஏன் விடவில்லை என்பதற்கு நடவு வயலைப் பார்க்க வேண்டும். காம்பைக் கிள்ளி, வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, பாக்கோடு புகையிலையில் ஒரு கிள்ளு வைத்து மடித்துக் கொடுப்பாள் ஒருத்தி. அடுத்தவள் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குனிவாள். சோறு வரும்வரை பசியை மந்தப்படுத்துவது அதுதான். பல்வலிக்கு உடனே கிடைக்கும் மருந்தும் அதுதான். சுண்ணாம்பு இங்கே வெறும் துணைப்பொருள் அல்ல. அதன் காரத்தன்மையால்தான் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியே எளிதில் இரத்தத்தில் ஏறுகிறது. கூடவே, நீட்டிய வெற்றிலையை மறுத்தால் உறவையே மறுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். பசி, வலி, உறவு மூன்றையும் மன உறுதிக் குறைவு என்று ஒரே பெயரிட்டு அழைப்பது மருத்துவச் சோம்பல்.

புறநோயாளிப் பிரிவில் கேட்கப்படும் வழக்கமான கேள்வி, “சிகரெட், பீடி பழக்கம் உண்டா?” அவள் “இல்லைங்க” என்கிறாள், அது உண்மையும்கூட. “வெத்தலை போடுவீங்களாம்மா? பொகையிலையும் சேர்த்தா?” என்று கேட்டால்தான் பதில் மாறும். தாம்பூலத்துக்கு உள்ள மரியாதையின் நிழலில் புகையிலையும் ஒதுங்கிக்கொள்கிறது. 2016 ஏப்ரலில் பொட்டலத்தின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் கட்டாயமானது நல்ல காரியமே. ஆனால் பெட்டிக்கடைக்காரர் கட்டிலிருந்து கிள்ளித் தாளில் மடித்துத் தரும் புகையிலையில் எந்தப் படம் இருக்கிறது?

சிகிச்சைக்கு வருவோம். புகையற்ற புகையிலையைக் கைவிடுவதற்கு நிக்கோட்டின் கலந்த சப்பும் மாத்திரை, வரெனிக்ளின், ஆலோசனை ஆகியவை உதவலாம் என்று ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. நிக்கோட்டின் சூயிங்கத்துக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. பல் விழுந்தவளுக்கும், பாக்கினால் வாய்த்தோல் இறுகி வாயைத் திறக்கவே சிரமப்படுபவளுக்கும் அது எப்படியும் ஒத்துவராது. புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலை-பாக்கைத் தொடரலாம் என்ற சமரசமும் முழுப் பாதுகாப்பு அல்ல. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. ஆனாலும் கன்னத்துப் புகையிலையை முதலில் விடச் செய்வதை இடைக்கட்டமாக ஏற்கலாம் என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொன்னால் எதுவும் நடக்காது.

இப்பெண்களை எட்ட வீடு தேடிச் செல்வது ஒரு வழி. திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வாயைப் பார்த்துச் சோதித்ததால், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. ஆனால் பெண்களைத் தனியே எடுத்தால் பயன் புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. கண்டறிவதோடு நில்லாமல் கைவிடச் செய்யும் வேலையும் சேர வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு வீடாகப் போகிறார்கள். வாயைப் பார்ப்பதற்கும், வெற்றிலையோடு புகையிலையும் சேர்ப்பதுண்டா என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கும் அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

கைவிடச் செய்ய மிக வலுவான வாய்ப்பு கர்ப்பகாலம். புகையற்ற புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்திருந்ததை மும்பையில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு காட்டியது, குறைப்பிரசவமும் கூடுதல். குழந்தைக்காக விட்டவள் பிரசவத்துக்குப்பின் தடுமாறும் இடம் நம்மூரில் தனி. பத்தியச் சோற்றுக்குப் பிறகு செரிமானத்துக்கென்று வெற்றிலை மடித்துக் கொடுப்பவர்கள் தாயோ மாமியாரோதான். பிரசவத்துக்குப் பின் வரும் கிராம சுகாதாரச் செவிலியர் பெற்றவளிடம் பேசுவதோடு, அந்த மடிப்பில் என்ன வைக்கிறீர்கள் என்று மாமியாரிடமும் கேட்க வேண்டும்.