பரதேசிகள் கட்டிய ஆலயம்

வாசலில் வந்து கையேந்துகிறவனைப் 'பரதேசி' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் வேற்று தேசத்தான் என்பதுதான்; இழிவு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குத் திண்ணையும் தண்ணீரும் கொடுப்பது தர்மம் என்று எண்ணிய ஜனங்கள் நாம். ஊரப்பாக்கம் வழியே மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் செல்லும் கூட்டத்துக்கு இன்றும் யாராவது மோர் கொடுத்தால், அந்தப் பழைய எண்ணம் இன்னும் சாகவில்லை என்று அர்த்தம்.

இந்தத் தர்மம் நமக்கு மட்டும் உரியதன்று. 1913-ஆம் ஆண்டில் ரேமோன் வெய்ல் என்ற பிரெஞ்சு அறிஞர் ஜெருசலேமில் அகழ்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பாழடைந்த தொட்டிக்குள் கிரேக்க எழுத்துகள் பொறித்த கல் ஒன்று அகப்பட்டது. தியோடோட்டஸ் என்ற யூத குரு வைத்த சாசனம் அது. அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும்கூட ஜெபாலயத் தலைவர்களே. வேதம் வாசிக்கவும் கட்டளைகளைப் போதிக்கவும் ஆலயம் எழுப்பினார். வெளிதேசத்திலிருந்து வந்து தங்க இடமின்றித் தவிப்போருக்கு விடுதியும் அறைகளும் தண்ணீர் வசதியும் செய்து வைத்தார் என்பது அதன் செய்தி. கி.பி. 70-இல் ரோமர்கள் நகரை அழிப்பதற்கு முற்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் முடிவு. மொத்தம் பத்தே வரிகள். அவற்றில் வேதத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நூற்றாண்டுகள் கழிந்தன. 1492-இல் ஸ்பெயின் தேசம் யூதர்களை விரட்டியது. அப்படிச் சிதறியவர்களில் சிலர் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே மலையாளக் கரையில் வாழ்ந்த யூதர்களும் உண்டு. கொச்சி ராஜா தம் அரண்மனைக்கு அருகிலேயே நிலம் கொடுத்தார். 1568-இல் மட்டாஞ்சேரியில் ஜெபாலயம் எழுந்தது. அதன் பெயரே 'பரதேசி ஜெபாலயம்'! போர்த்துகீசியர் 1662-இல் அதைச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர் வந்த பிறகு அது புதுப்பிக்கப்பட்டது. தரையில் பதித்த சீனத்து ஓடுகளை இன்றும் காணலாம்.

இத்தனை அழகுக்கும் நடுவே ஒரு முள் உண்டு. அடைக்கலம் பெற்று வாழ்ந்த அதே ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியாருக்குச் சம உரிமை இல்லை. அவர்களும் யூதர்களே, ஒரே வேதத்தை ஓதுகிறவர்களே. ஆனாலும் அவர்களுடைய இடம் முன்கூடத்தோடு சரி. அந்த வகுப்பில் 1882-இல் பிறந்த ஏ. பி. சேலம் என்ற வழக்கறிஞர் இதை எதிர்த்தார். அவர் கையில் எடுத்த ஆயுதம் காந்தியடிகளின் சத்தியாக்கிரகம். ஆலயத்துக்குள்ளேயே அறப்போர் நடத்தினார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

தளர்ந்த கதவுக்குள் நுழைய ஆட்கள்தாம் இல்லாமற் போனார்கள். 1948-இல் இஸ்ரேல் பிறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். 1968-இல் ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால் தலையும் வெளியாயிற்று. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் மரபு. இன்று வெளியூர் யூதர்கள் வந்தால்தான் அந்தப் பத்துப் பேர் சேர முடிகிறது.

முன்கூடத்தில் ஒருவனை நிறுத்தி வைத்தவர்கள், இன்று யாராவது ஒரு பரதேசி உள்ளே வரமாட்டானா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஜெருசலேம் குரு இதை முன்பே அறிந்துதான், விடுதியையும் ஆலயத்தையும் ஒரே சாசனத்தில் எழுதி வைத்தாரோ?