வேட்டைத் துப்பாக்கியின் உருமாற்றம்: தஞ்சைக் கொட்டிலிலிருந்து இஷாப்பூர் வரை

படைக்கலத்தைத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக் கொள்வது பழைய வழக்கம். பிடியை மாற்றுவது, அலகைக் குறைப்பது, குழலின் துளையை வேறாக்குவது என்று அதற்குப் பல வடிவங்கள் உண்டு. போல்ட் ஆக்சன் என்னும் தாழ்ப்பாள் வகை ரைபிள் வந்தபின் இவ்வழக்கம் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. இந்தியாவில் மட்டும் அந்த மாற்றங்களில் பலவற்றைத் தீர்மானித்தது வேட்டைக்காரரின் விருப்பம் அன்று. அரசின் அச்சமும் அதிலிருந்து பிறந்த சட்டமும்தான். அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

தஞ்சாவூர்ப் படைக்கலக் கொட்டில்

தஞ்சை நாயக்கர் காலத்துக் கொல்லர்கள் இரும்பு வேலையில் தேர்ந்தவர்கள். நீண்ட இரும்புப் பட்டைகளின் மேல் வளையங்களை ஏற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்த பெரும்பீரங்கி இன்றும் தஞ்சைப் பீரங்கி மேட்டில் இருக்கிறது. அரண்மனைக் கட்டாரிகளில் இவர்களின் இன்னொரு திறமையைக் காணலாம். ஐரோப்பிய வாள்களின் அலகுகளைத் தேவையான அளவுக்குக் குறைத்து, கையை மறைக்கும் தகடு கொண்ட உள்ளூர்ப் பிடியில் தறைந்து பொருத்தினார்கள். அலகில் அயல்நாட்டு முத்திரை இருக்கும். பிடியில் யாளியும் கொடியும் இருக்கும். வந்த பொருளைத் தன் கைக்கும் தன் போர்முறைக்கும் ஏற்றவாறு திருத்திக்கொண்ட வேலை அது.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பினி அரசு தஞ்சை அரசை முடித்து வைத்தது. 1860-களில் அரண்மனைக் கொட்டிலில் குவிந்து கிடந்த ஆயுதங்களில் தேர்ந்தெடுத்த சிலவே சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதைப் பதிவு செய்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதியில் நாம் இன்று பார்ப்பவற்றில் பல அந்தக் குவியலில் தப்பியவை.

அதே 1878-இல்தான் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. இனி துப்பாக்கியின் வரலாறு கொல்லன் உலையைவிட அரசாங்கக் கோப்பில் அதிகம் எழுதப்படப் போகிறது என்பதற்கு இது தொடக்கம்.

தாழ்ப்பாள் வகை என்றால் என்ன?

பழைய திரித் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் குழலின் வாய் வழியே இடிக்கப்படும். தாழ்ப்பாள் வகையில் தோட்டா குழலின் பின்புறம் நுழைகிறது. வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக் கொள்ளுங்கள். கைப்பிடியைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அறையிலுள்ள அடுத்த தோட்டா குழலில் ஏறும். கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். பாகங்கள் குறைவு, உறுதி அதிகம்.

இவ்வகையில் இரண்டு பெயர்கள் புகழ்பெற்றவை. ஒன்று, ஜெர்மானியர் பால் மௌசர் உருவாக்கிய 1898-ஆம் ஆண்டு அமைப்பு. மற்றொன்று, ஜேம்ஸ் பாரிஸ் லீ வகுத்த அமைப்பிலிருந்து வந்து பிரிட்டிஷ் இந்தியப் படை ஏந்திய லீ என்ஃபீல்டு. இரண்டும் போருக்குப் பிறந்தவை. இரண்டையும் வேட்டைக்கு மாற்றினார்கள். குழலை மூடியிருந்த நீண்ட மரக்கட்டையைப் பாதியாக்கினார்கள். துப்பாக்கி முனைக் கத்தி பொருத்தும் இடத்தை எடுத்தார்கள். பத்துத் தோட்டா அறைக்குப் பதில் ஐந்து போதும் என்றார்கள். கட்டையின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்து ஒப்பிடுவது பழைய வழக்கம்.

சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. அந்தக் கடையின் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன.

சட்டம் வகுத்த துளை அளவு

இந்தியாவில் வேட்டை ரைபிளுக்கு நேர்ந்த மிகப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. அது குழலின் உள்ளே நடந்தது.

படை பயன்படுத்தும் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போனால், போனது ஒருநாள் தமக்கு எதிராகத் திரும்பும் என்று ஆட்சியாளர் அஞ்சினர். ஆகவே அந்த அளவில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதித்தனர். 1907-இல் .450 அளவும் தடைக்குள் வந்தது. படை கழித்த பழைய மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டு பயன்படும் என்பதே காரணம்.

தடையை விற்பனையாளர் வேறு விதமாக எதிர்கொண்டனர். .450-க்குப் பதிலாக .465, .470 போன்ற புதிய அளவுகள் லண்டனில் பிறந்தன. .303-க்குப் பதிலாக லீ என்ஃபீல்டு ரைபிளின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்பக் குழலை மாற்றினார்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். எட்டை அதனால் வகுத்தால் 0.315 வரும். இந்திய உரிமதாரர் பலர் இன்றும் 'முந்நூற்றுப் பதினைந்து' என்று சொல்லும் ரைபிளின் பிறப்பு இதுதான். ஒரு வேட்டைக்காரரும் வேண்டிக் கேட்காத அளவு. ஆனால் இந்தியாவின் அடையாள அளவாக அது நிலைத்துவிட்டது. வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை விடுதலைக்குப் பின்னும் அதைச் செய்து விற்றது.

இதற்கு நேர்மாறான மாற்றமும் இஷாப்பூரில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின், காவலர்களுக்கும் சிறைக் காவலுக்கும் தருவதற்காக .303 ரைபிள்களின் குழலைக் குடைந்து, உள்வரிகளை நீக்கி, .410 அளவுள்ள வழுவழுப்பான குழலாக்கினார்கள். தோட்டா அறையில் மரத்துண்டை அடைத்து, ஒரு வேளைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி செய்தார்கள். காவலர் கையில் இருக்கும் துப்பாக்கி பறிபோனாலும் பெரிய பயன் தரக்கூடாது என்ற எண்ணம் அந்த மரத்துண்டில் தெரிகிறது. ஒரு பக்கம் போர்த் துப்பாக்கி வேட்டைக்கு உயர்த்தப்பட்டது. மறுபக்கம் அதே துப்பாக்கி வேண்டுமென்றே பலவீனமாக்கப்பட்டது.

காட்டில் இரு துப்பாக்கிகள்

.450 தடை வந்த அதே 1907-இல் ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றார். அதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஹியூவெட் அவருக்கு ரிக்பி நிறுவனத்தின் .275 ரைபிளைப் பரிசளித்தார். மௌசர் அமைப்பில் செய்து, கட்டையில் வெள்ளித் தகடு பதித்தது அது. நம் பக்கத்தில் தருமபுரி, ஓசூர்க் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடியலைந்த கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், அது தாழ்ப்பாள் வகை அன்று, நெம்புகோல் வகை. இருவரும் இரவுக் காவலுக்காகத் துப்பாக்கியோடு மின்விளக்கைப் பொருத்திக்கொண்டார்கள். எளிய மாற்றம்தான், உயிரைக் காத்ததும், மின்கலம் தீர்ந்து கைவிட்டதும் அதுவே.

டெல்டாவில் என்ன நடந்தது?

காவிரிப் படுகை புலிக்காடு அன்று. நெல் வயலில் உள்ளானும் நீர்நிலைகளில் தாராவும் தேடிச் சுட்டவர்களுக்கு ரைபிள் தேவைப்படவில்லை. சிறு ரவை சிதறும் இரட்டைக் குழல் துப்பாக்கியே ஏற்றது. வெளிமான் திரியும் கோடியக்கரை அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1967-இல் அது சரணாலயமானது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொழுதுபோக்கு வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

உழவருக்கு மிஞ்சியது பயிர்க் காவல். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் அளிக்கிறது. தற்காப்புக்கும் விளையாட்டுக்கும் கேட்பவருக்கு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வரியில்லாத் துப்பாக்கி. குழலைக் குறைக்கவே தனி உரிமம் வேண்டும். உரிமமின்றிக் குறைத்தால் குற்றம். 2019-இன் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

எஞ்சியிருப்பதைப் பதிவு செய்தல்

வேட்டை போனது குறித்து வருந்த வேண்டியதில்லை. கோடியக்கரை வெளிமான்களுக்கு அதுவே நல்லது. வருந்த வேண்டியது வேறொன்று. தாத்தா பெயரில் இருந்த துப்பாக்கியைத் தேர்தல்தோறும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் களைத்த குடும்பங்கள் அதை ஒரேயடியாக ஒப்படைத்து விடுகின்றன. அப்படி ஒப்படைத்தவை அழிக்கப்படலாம். குழலில் உள்ள எண், செய்த ஊர், விற்ற கடையின் பெயர், குறைக்கப்பட்ட கட்டை, அடைத்த துளை ஆகிய அனைத்தும் அவற்றோடு போய்விடும். 1860-களில் தஞ்சைக் கொட்டிலுக்கு நேர்ந்தது, ஓசையின்றி வீடு வீடாக மறுபடி நிகழ்கிறது.

ஆயுதத்தை வைத்திருக்கச் சொல்லவில்லை. சட்டப்படி ஒப்படைப்பதற்கு முன், உரிமதாரரின் முன்னிலையில் அதன் முத்திரைகளையும் மாற்றங்களையும் படம் எடுத்து, உரிமப் புத்தகத்தின் பழைய பக்கங்களையும் நகலெடுத்து வைத்தால் போதும். அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு சட்டத்துக்கோ ஓர் அச்சத்துக்கோ சாட்சி. வால்ஹவுஸ் நான்கைந்து பக்கங்கள் எழுதி வைத்ததால்தான் உருகிப்போன தஞ்சை ஆயுதங்களைப் பற்றி நாம் இன்று இவ்வளவாவது பேச முடிகிறது.